கடற்கோளும் பேறுகாலமும்: கல்முனைக் கரை உணர்த்தும் உண்மை

பேரிடர்களின் வரலாற்றை எழுதுவோர் மாண்டோரின் தொகையைக் கணிப்பர். அவற்றினிடையே பிறந்தோரைப் பெரும்பாலும் கருதார். பேறுகாலமோ இடர் நீங்கும்வரை காத்திருப்பதன்று. தேசிய அனர்த்தத் திட்டமிடலில் தாய்மைப் பராமரிப்புக்கு உரிய இடம் யாது என்பதைக் கல்முனைக் கரையின் வரலாறுகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் மகப்பேற்றுச் சேவை நீண்ட வரலாறுடையது. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. வீடுதோறுஞ் சென்று கருவுற்றோரைப் பதியும் பொதுச் சுகாதார மருத்துவமாது இம்முறையின் அச்சாணியானார். 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்டிருந்த தாய் மரணம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 100க்கு வெகு கீழே இறங்கியது.

ஆயினும், இடர்க்காலம் தாயையும் சேயையுமே முதலில் தாக்கும் என்பதை 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய் முன்னரே காட்டிற்று. 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 263 ஓராண்டு நிறையுமுன் மடிந்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. அங்கு இறந்தோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் குடிசெறிந்த ஊர்கள் அலையின் வழியிற் கிடந்தன. அம்மாவட்ட முகாம்களில் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வொன்று, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினதைப்போல ஏறக்குறைய இரு மடங்கெனக் கண்டது.

இதன் சமூக விளைவு ஈண்டு நோக்கற்பாலது. இக்கரையோர முஸ்லிம்களிடையே மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளித்து, மருமகனை அவ்வீட்டில் வாழச்செய்வது மரபு. ஆகவே தாயும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வர். பேறுகாலத் துணை அவர்களே. ஒரு வளவை அழித்த அலை, வீட்டோடு அத்துணையையும் அழித்தது. கருவுற்றவளின் பதிவட்டையில் ஒரு பிரதி மருத்துவமாதிடமும் மற்றொன்று அவளிடமும் இருப்பது வழக்கம். இரண்டும் ஒரே கரையில் இருப்பின் ஓர் அலையே இரண்டையும் கொண்டுபோகும். மருத்துவமாதும் அவ்வூரவரேயாயின், அவரும் அகதியாவார். மக்களுக்கு அண்மையில் இருத்தலாகிய இம்முறையின் வலிமையே இடர்வேளையில் அதன் நலிவாகின்றது.

1994ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாட்டின் பின்னர், அகதிகளுக்கான இனப்பெருக்க நலச் சேவைகளின் குறைந்தபட்சத் தொகுதியொன்று வகுக்கப்பட்டது. விரிப்பு, சவர்க்காரம், புதிய சவர அலகு, கொப்பூழ்க்கொடி கட்டும் நூல் ஆகியன அடங்கிய எளிய பொதியும், சிக்கலுற்ற தாயை எந்நேரமும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வாகனமும் அதன் கூறுகளாம். கருவுற்றோருள் நூற்றுக்குப் பதினைவர்வரை சிக்கலுறுவர் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் மதிப்பீடு. பாலியல் வன்முறையினின்று காத்தலும் அத்தொகுதியில் அடங்கும்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தேசிய பேரவையொன்றையும் நிலையமொன்றையும் தோற்றுவித்தது. அரிசியும் கூடாரமும் போலவே பேறுகாலப் பொதியும் களஞ்சியத்தில் முற்கூட்டியே இருத்தல் வேண்டும். கரையோரப் பதிவேடுகளின் பிரதி உள்நாட்டில் பேணப்படல் வேண்டும். இடருற்ற மருத்துவமாதருக்கு மாற்றாளர் யாவர் என்பதும் முன்னரே தீர்மானிக்கப்படல் வேண்டும். எந்தத் தாய் எந்நாளிற் பெறுவாள் என்பதை அறிந்துவைத்திருப்பது மருத்துவமாதின் பதிவேடே. அதனைக் காவாத திட்டம், காக்கவேண்டியவர் யாரென்றே அறியாத திட்டமாகும்.