சீத்தா கேம்ப்

மும்பை டிராம்பேயில், தானே கழிமுகத்தை ஒட்டித் தமிழர் திரளாக வாழும் குடியிருப்பு. அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட, சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்குக் கிடைத்தது 10க்கு 15 அடி மனை. அதிலேயே சுவர் எழுப்பி, மாடி ஏற்றி, செங்குத்தான இரும்பு ஏணி சாய்த்து ஊராக்கியவர்கள் குடிவந்தவர்களே. வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். 2000-இல் மகசேசே விருது பெற்றார். அருகில் அணுசக்தி நகரிலோ அந்த ஆராய்ச்சி மையத்தின் ஊழியர்களுக்கு அடுக்குமாடிகள் உயர்ந்தன. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானதல்ல. ரயில் இங்கு வராது. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மான்குர்டு சென்று ஹார்பர் லைன் லோக்கல் பிடித்தால், செம்பூர், குர்லா வழியே தென்மும்பை போகலாம்.