தோற்றால் மெஷின், ஜெயித்தால் மக்கள்

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் குஷாய்குடாவுக்கு முகவரியே ஈ.சி.ஐ.எல்.தான். 1967 ஏப்ரலில் அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கப்பட்ட இந்தப் பொதுத்துறை நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் ஏ.எஸ்.ராவ், பக்கத்துக் குடியிருப்புக்கு இன்று அவர் பெயர். அணு உலைக்கான கருவிகள், கம்ப்யூட்டர், டி.வி. என்று பலதும் செய்த இடம். ஆனால் நாடு முழுக்கத் திட்டு வாங்கித் தந்த சரக்கு ஒன்றுதான்: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

1977இல் தேர்தல் ஆணையத்தில் இந்த யோசனை எழுந்தது. பொறுப்பு ஈ.சி.ஐ.எல்.லிடம் போனது. 1979இல் மாதிரி தயார். 1980 ஆகஸ்ட் 6 அன்று கட்சிப் பிரதிநிதிகள் முன்னால் அதை இயக்கிக் காட்டினார்கள். பின்னர் பெங்களூரு பெல் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. அங்கே இந்த வேலையில் இருந்த பொறியாளர் ரங்கராஜனைத் தமிழர்களுக்கு சுஜாதா என்றால்தான் தெரியும்.

முதல் சோதனை கேரளத்தின் பரவூரில், 1982 மே மாதம். 84 வாக்குச்சாவடிகளில் 50இல் மட்டும் மெஷின், மற்றவற்றில் வாக்குச்சீட்டு. மெஷினே கூடாது என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனவர் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. நீதிமன்றம் தலையிடவில்லை. எண்ணிப் பார்த்தால் 123 வாக்கு வித்தியாசத்தில் அவரே ஜெயித்திருந்தார்! அதன் பிறகு அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? இப்போது வழக்குக்குக் கிளம்பியவர் தோற்றுப்போன காங்கிரஸ்காரர் ஏ.சி.ஜோஸ். 1984இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மெஷின் பழுது என்பதற்காக அல்ல. அதைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதற்காக. அந்த 50 சாவடிகளில் சீட்டு வைத்து மறுபடி வாக்கெடுத்தார்கள். ஜோஸ் ஜெயித்தார்.

பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் பரவூரே ஒத்திகை என்று சொல்லிவிடலாம். 1988 டிசம்பரில் சட்டம் திருந்தியது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 சட்டமன்றத் தொகுதிகளுக்கு மெஷின் போனது. 2001இல் தமிழகம் முழுவதும். 2004இல் நாடு முழுவதும். 2009இல் தோற்ற பா.ஜ.க.வில் சந்தேகக் குரல்கள் எழுந்தன. 2014க்குப் பிறகு அதே குரல் காங்கிரஸ் பக்கம் இடம் மாறியது.

ஆந்திரத்தில் இது இன்னும் சுவாரசியம். 2019 ஏப்ரலில் முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடு மெஷின்மீது புகார் சொல்லி, சீட்டு முறைக்குத் திரும்பச் சொன்னார். ஆட்சி போனது. 2024இல் அவர் அமோகமாகத் திரும்பி வந்தபோது, வாக்குச்சீட்டுதான் வேண்டும் என்று சொன்னவர் தோற்றுப்போன ஜெகன்மோகன் ரெட்டி. அந்த ஆண்டு நவம்பரில் சீட்டு முறை கேட்டு வந்த ஒரு மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம் இந்த இருவரையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது: தோற்றால் மட்டும் மெஷினில் கோளாறா என்று.

இத்தனைக்கும், வாக்குப்பதிவு அன்று நடப்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பதிவு தொடங்குமுன் ஏஜெண்டுகள் எதிரிலேயே மாதிரி வாக்குப்பதிவு: குறைந்தது 50 வாக்கு போட்டு, எண்ணி, அழித்துக் காட்ட வேண்டும். அப்புறம் பச்சைக் காகித முத்திரை. அதில் ஏஜெண்டுகள் கையெழுத்துப் போடலாம். மாலையில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்ற கணக்கு 17சி படிவத்தில் அவர்கள் கைக்கே வந்துவிடும். எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கட்சிதான் முடிவு வந்த மறுநாள் மெஷினைக் கைகாட்டுகிறது. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது யார், தொகுதிப் பக்கம் ஐந்து வருஷமாகப் போகாதது யார் என்ற பேச்சு அதோடு அமுங்கிவிடுகிறது.

சந்தேகப்பட்டவர்கள் எல்லோரையும் நொண்டிச்சாக்குக்காரர்கள் என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. யாருக்குப் போட்டோம் என்பதை ஏழு விநாடி காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழும் விவிபேட் சீட்டு வந்ததே அவர்கள் விடாமல் கேட்டதால்தான். 2013இல் சுப்பிரமணியன் சுவாமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அது இருந்தது. குஷாய்குடா பக்கத்துத் தொழிற்சாலைக்கும் அதனால் வேலை கூடியது.

ஆனால் கூடவே இன்னொரு விதியும் உண்டு, 49எம்.ஏ. சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று ஒரு வாக்காளர் சொன்னால், அதை எழுத்தில் தர வேண்டும். அதிகாரியும் ஏஜெண்டுகளும் பார்க்க அவர் சோதனை வாக்கு போடுவார். புகார் உண்மை என்றால் அந்த மெஷினில் வாக்குப்பதிவு நிற்கும். பொய் என்றால் புகார் தந்தவர்மீது வழக்கு வரலாம். தலைவர்கள் மேடையில் சும்மா சொல்லிவிட்டுப் போவதற்குச் சாதாரண வாக்காளர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்!

2024 ஏப்ரலில் அந்தப் பாரத்தில் கொஞ்சம் வேட்பாளர் தலைக்கும் போனது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு வெளியான ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதியில் 5 சதவீத மெஷின்களைப் பரிசோதிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். செலவு கேட்பவருடையது, தில்லுமுல்லு தெரிந்தால் பணம் திரும்பும். ஒரு செட்டுக்கு 47,200 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்த மக்களவைத் தேர்தலில் ஆயிரக்கணக்கானவர்கள் தோற்றிருக்க, விண்ணப்பித்தவர்கள் எட்டுப் பேர். பா.ஜ.க., காங்கிரஸ், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், தே.மு.தி.க. என்று எல்லாக் கொடியும் அதில் இருந்தது. தமிழகத்திலிருந்து வேலூரும் விருதுநகரும்.