காவலைக் காக்கும் கலங்கள்

‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. மனித உடலிலும் இக்கொடுமை நிகழ்வதுண்டு. நோய்க்கிருமிகளை எதிர்த்தற்கென அமைந்த வெண்குருதிக் கலங்கள் சிலவேளை சொந்த உறுப்புக்களையே தாக்குகின்றன. இளமையில் தோன்றும் நீரிழிவு வகையும், மூட்டுக்களை முடக்கும் வாதநோய் வகையொன்றும் இதன்பாற்பட்டன. அங்ஙனமாயின், பெரும்பாலோரிடத்து இவ்வழிவு நிகழாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காணப்பட்ட வரலாறு, விஞ்ஞான மாணாக்கர்க்கு மட்டுமன்றி வரலாறு பயில்வார்க்கும் படிப்பினை தருவதாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தான் தாக்க அஞ்சும் எனச் செருமானிய அறிஞர் போல் ஏர்லிக் கருதினார். ஆயினும், தைரொயிட்டுச் சுரப்பி நோயுற்றார் சிலரின் குருதியில் அச்சுரப்பிக்கே பகையான பொருள்கள் உளவென்பது 1956இல் இலண்டனில் நிறுவப்பட்டது. தன்னுடலைப் பகைக்குங் கலங்கள் வளர்பருவத்திலேயே அழிக்கப்படுகின்றன என்றார் அவுஸ்திரேலிய அறிஞர் பேர்னெற். மார்பென்பின் பின்னுள்ள தைமசுச் சுரப்பியே அக்களையெடுப்பு நிகழும் இடமென்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால், களையெடுப்பிற்குத் தப்பியனவும் உள. அவற்றை அடக்குவது எது?

1969இல் யப்பானிய அறிஞர்களான நிசிசுக்காவும் சக்காகுராவும் விந்தையொன்றைக் கண்டனர். பிறந்த மூன்றாம் நாளில் சுண்டெலிகளின் தைமசுச் சுரப்பியை அகற்றியபோது அவற்றின் சூலகங்கள் சிதைந்தன. ஏழாம் நாளில் அகற்றியபோதோ அங்ஙனம் நேரவில்லை. படைவீட்டை அழித்தால் படை மெலியவேண்டும். இங்கோ படை உள்நாட்டையே அழித்தது.

அடுத்த ஆண்டுகளில், அமெரிக்கரான ரிச்சட் கேர்சன் தாக்குங் கலங்களை அடக்குங் கலங்களும் உளவென்றார். பலர் அவர் வழிச் சென்று கொள்கைமேற் கொள்கை அடுக்கினர். 1980களில், அக்கலங்களுக்கு அடிப்படையெனக் கூறப்பட்ட பரம்பரையலகு, இருக்கவேண்டிய இடத்தில் இல்லையெனக் கண்டறியப்பட்டது. மாளிகை சரிந்தது. ‘அடக்குங் கலம்’ என்னுஞ் சொல்லே ஆய்வாளர் வாய்விட்டுக் கூற நாணுஞ் சொல்லாயிற்று.

ஆனால், கொள்கை வீழ்ந்ததனால் மூன்றாம் நாட் சுண்டெலியின் நோய் பொய்யாகிவிடுமோ? இங்ஙனம் எண்ணியவர் யப்பானியரான சிமோன் சக்காகுச்சி. நலமுள்ள சுண்டெலிகளின் கலங்களைச் செலுத்தின் அந்நோயைத் தடுக்கலாம் என்பதை அவர் முன்னரே கண்டிருந்தார். ஊர் நகைத்தபோதும் அவ்வுண்மையைக் கைவிட்டாரல்லர். 1995இல், சிடி25 என்னும் அடையாளந் தாங்கிய கலங்களே அக்காவலர் என நிறுவினார். அவற்றை நீக்கி எஞ்சியவற்றை மட்டும் தைமசு இல்லாச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது பல உறுப்புக்கள் நோயுற்றன. நீக்கியவற்றையுஞ் சேர்த்துச் செலுத்தியபோது நோய் தோன்றவில்லை. இக்காவற்கலங்கள் தைமசிலிருந்து சற்றுப் பிந்தியே வெளிப்படுவன. மூன்றாம் நாளின் மருமம் இதுவேயாம்.

அமெரிக்காவிலே ஓக் றிட்ச் ஆய்வுகூடத்தில், 1940களில், தோல் உதிர்ந்து சில வாரங்களில் இறக்கும் ஆண் சுண்டெலிகள் பிறந்தன. மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் அதன் காரணத்தைத் தேடி, ஐயத்திற்குரிய 20 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தனர்; இறுதியானதிற் பழுது கண்டனர். 2001இல் வெளியான அவ்வலகே பொக்ஸ்பி3 ஆகும். மனிதரில் அது பழுதுறின் ஆண்குழவிகளைக் கொடுநோய் பற்றுமென்பதும் அவ்வாண்டே புலனாயிற்று. காவற்கலங்களை ஆக்குவது அவ்வலகே என்பது 2003இல் உறுதிப்பட்டது. இம்மூவர்க்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கலங்களைப் பெருக்கித் தன்னெதிர்ப்பு நோய்களைத் தணிக்கும் முயற்சிகள் இன்று சோதனை நிலையில் உள்ளன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கொள்கை வேறு, கண்ட உண்மை வேறு. கேர்சனின் வழிவந்தோர் கட்டிய மாளிகை இடிந்தமை நியாயமே; ஆனால் அதனோடு அடித்தளத்தையும் புதைக்க முற்பட்டதே தவறு. வகுப்பில் மாணாக்கனொருவன் பிழையான விளக்கம் கூறும்போது, அவன் கண்ட காட்சியையுஞ் சேர்த்தே நாம் தள்ளிவிடுவதுண்டு. விளக்கத்தைத் திருத்துவோமாக, காட்சியை மறவாது குறித்து வைப்போமாக.