விஸ்கான்சின் ஊழியர் சங்கங்கள்

அமெரிக்காவில் 1935-இல் இயற்றப்பட்ட வாக்னர் சட்டம், தனியார் தொழிலாளருக்குக் கூட்டுப்பேர உரிமையை வழங்கியபோதிலும், ராஜாங்க ஊழியரை அறவே விலக்கிவிட்டமையால், அவர்களுள் மாநில, நகர ஊழியருடைய சங்கங்களின் ஜனனமும் மரணமும் அந்தந்த மாநிலத்தின் சித்தத்தைப் பொறுத்தனவாயின. 1932-லேயே மாடிசன் நகரில் உத்தியோகஸ்தர் சங்கம் கண்ட விஸ்கான்சின்தான், 1959-இல், கவர்னர் கேலார்ட் நெல்சன் கையொப்பமிட, நகரசபை ஊழியரின் அவ்வுரிமையை முதன்முதலில் சட்டமாக்கியது. 2011-இல் கவர்னர் ஸ்காட் வாக்கர் காலத்துப் பத்தாம் சட்டமோ, போலீஸாரையும் தீயணைப்போரையும் பெரும்பாலும் விட்டுவிட்டு, ஏனைய சங்கங்கள் ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் தேறவேண்டுமென்றும், அதற்கு அப்பிரிவின் ஊழியர் அனைவரிலும் 51 சதவீதத்தினர் ஆதரிக்கவேண்டுமென்றும் விதித்தது. நூறு பேரில் ஐம்பது பேர் ஆதரித்து, மற்றவர் வாராதிருந்தால், எதிர்த்து ஒருவரும் வாக்களியாமலே சங்கம் அங்கீகாரம் இழக்கும். இதே அளவுகோலை வைத்தால், அதை விதித்த சட்டசபையினரிலேயே எத்தனை பேருக்கு ஆசனம் கிட்டியிருக்கும் என்பது சந்தேகமே.