பன்றி இறைச்சியும் முசோலினியும்: ஸ்காட் வாக்கரின் பிற்கால ஆல்பங்கள்

ஸ்காட் வாக்கர் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான். 1966-ல் வாக்கர் பிரதர்ஸ் குழுவோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். (மூவரும் சகோதரர்கள் இல்லை, யாருடைய சொந்தப் பெயரும் வாக்கர் இல்லை.) 1969-ல் ‘ஸ்காட் 4’ ஆல்பம் விற்கவில்லை. எழுபதுகளில் அடுத்தவர் பாட்டைப் பாடிக் காலம் தள்ளினார். அப்புறம் ஆள் காணாமல் போய், யாருக்கும் புரியாத ஆல்பங்களோடு வேறு மனிதராகத் திரும்பி வந்தார்.

அந்த ‘வேறு மனிதர்’தான் எனக்கு உறுத்துகிறது. யாரும் வாங்காத அந்த ‘ஸ்காட் 4’-லேயே ஒரு பாட்டை நவ-ஸ்டாலினிய ஆட்சிக்கு ‘சமர்ப்பணம்’ செய்திருக்கிறார். சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்து அப்போது ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. 1978-ல் பழைய குழுவோடு மறுபடி சேர்ந்து செய்த ‘நைட் ஃப்ளைட்ஸ்’ ஆல்பத்தில் ‘தி எலக்ட்ரீஷியன்’ வருகிறது. மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்பவனைப் பற்றிய பாட்டு. நடுவில் வயலின்கள் காதல் பாட்டு மாதிரி பொங்கும். கேட்டுட்டு நமக்கே கூச்சமா இருக்கும். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான்.

1984-ல் ‘க்ளைமேட் ஆஃப் ஹன்டர்’. அதில் பாதிப் பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, வெறும் எண்தான். பதினோரு வருடம் கழித்து ‘டில்ட்’, முதல் பாட்டு கொலையுண்ட பசோலினியின் நினைவில். இன்னும் பதினோரு வருடம் கழித்து 2006-ல் ‘தி டிரிஃப்ட்’.

‘தி டிரிஃப்ட்’டில் ‘கிளாரா’ 12 நிமிடத்துக்கு மேல் ஓடும். கிளாரா பெட்டாச்சி முசோலினியின் காதலி. 1945 ஏப்ரலில் இருவரையும் சுட்டுக்கொன்று, மிலான் சதுக்கம் ஒன்றில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கூட்டம் அந்தப் பிணங்களை உதைத்தது. இந்தப் பாட்டின் தாளத்துக்கு டிரம் போதவில்லை வாக்கருக்கு. பெரிய பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, தாளக்கலைஞரைக் கையால் குத்தச் சொன்னார். ‘30 செஞ்சுரி மேன்’ ஆவணப்படத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. பார்த்தால் சிரிப்புதான் வரும். படத்தை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில் பாட்டை மட்டும் கேளுங்க, சிரிப்பு வராது. டிரம் அடி எதையோ குறிக்கும். இது எதையும் குறிக்கவில்லை, சதையில் விழும் அடியேதான்.

குரலையும் அவர் சும்மா விடவில்லை. கேட்டவர்களை உருகவைத்த அந்தக் கனத்த குரலை மேலே தள்ளி, இறுக்கிப் பிடித்து, பயந்தவன் குரலாக மாற்றினார். பழைய ரசிகர்கள் பலர் இங்கேதான் விலகினார்கள். நியாயம்தான். ராத்திரி தூங்கப்போகும்போது கேட்கிற பாட்டுகள் இல்லை இவை.

2012-ல் வந்த ‘பிஷ் பாஷ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ருமேனிய சர்வாதிகாரி சௌஷெஸ்குவைப் பற்றியது. 1989 கிறிஸ்துமஸ் அன்று அவரையும் மனைவியையும் சுட்டார்கள். பாட்டு ஒரு ஆளுமைத் தேர்வின் கேள்வித்தாள் மாதிரி போகிறது: நீ கருணை உள்ளவனா, கொஞ்சமா, ரொம்பவா? முடியும்போது மணிகள் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டை வாசிக்கின்றன.