பின்கட்டுக் கொடி: ஈரத்துணியின் ஒரு சிறு வரலாறு

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்விதான்: துவைத்த துணியை எங்கே காயப்போடுவது? சித்திரை வெயிலில் ஒரு நாழிகைக்குள் சருகாக உலர்ந்துவிடும் வேட்டி, வடகிழக்குப் பருவமழை நாள்களில் மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரவாடை நீங்காமல் இருக்கும். அண்மைக் காலமாக நண்பர்கள் சிலர், கடைகளில் டிரையர் என்று சொல்லப்படும் உலர்த்தி எந்திரத்தில் எது நல்லது என்று நம்மைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ் கற்பிப்பவரிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் சிரித்து ஒதுக்கினோம். எண்ணிப் பார்த்தபோது, இது இலக்கியமும் வீட்டமைப்பும் சாதியும் கலந்த பழைய கேள்வி என்று தோன்றியது.

செட்டிநாட்டு வீட்டையே ஓர் உலர்த்தி எந்திரம் என்று சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940கள் வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு நகரத்தார் எழுப்பிய வீடுகள் இவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு, அதற்கப்பால் கிணறும் தோட்டமும் என ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அமைப்பு. தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் பார்வை செல்லும். பார்வை செல்லும் வழியே காற்றும் செல்லும். திறந்த முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, நிழல்பட்ட பத்திகளின் வழியே குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். முதல் வளவு திருமணத்துக்கும் படைப்புக்கும் உரியது. நெல்லும் மிளகாயும் வற்றலும் வடகமும் துணியும் காய்ந்தது பின்கட்டுகளில். மணமான ஒவ்வோர் ஆண்மகன் குடும்பமும் ஒரு புள்ளி. ஒரே கூரையின்கீழ் பல புள்ளிகள் தனித்தனியே உலை வைத்து வாழ்ந்த வீடுகளில் எத்தனை கொடிகள் தேவைப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசி நிறுத்திக்கொள்வது எளிது. செலவின்றி, மின்சாரமின்றி முன்னோர் துணி உலர்த்தினர் என்று எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் அது பாதி உண்மைதான். வீட்டார் அன்றாடம் நனைத்துக் கட்டிய துணி பின்கட்டுக் கொடியில் காய்ந்தது. வெளுக்க வேண்டிய துணியோ வீட்டைவிட்டே வெளியேறியது.

புறநானூற்றின் 311ஆம் பாடலில், உவர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் துவைக்கும் புலைத்தியை ஔவையார் காட்டுகிறார். வீரன் உடுத்த தூய வெள்ளாடை அவள் வெளுத்தது. நற்றிணை 90ஆம் பாடலில் விழா நெருங்கிய ஊர். கஞ்சி தோய்த்துத் துணி வெளுக்கும் புலைத்தியின் கைக்கு ஓய்வே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்விரு பெண்களுக்கும் பெயர் இல்லை. அவர்கள் வெளுத்த ஆடையை உடுத்தவருக்குத்தான் பாட்டு.

உவர்மண்ணுக்கும் வெளுப்புக்கும் உள்ள உறவு அதன்பிறகு நெடுங்காலம் தொடர்ந்தது. உவர்மண் கரைத்த நீரில் அழுக்குத்துணியை நனைத்து, பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. பொழுது விடிந்ததும் நீர்நிலைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, முறுக்கிப் பிழிந்து, மணலிலும் புல்லிலும் விரித்து உலர்த்துவார்கள். துணியை உலர்த்திய அதே வெயில் அதை வெளுக்கவும் செய்தது. இவ்வளவுக்கும் ஊர் தந்தது என்ன? ஆண்டுக்கு ஒருமுறை களத்தில் அளக்கும் நெல். அந்தியில் வீட்டுவாசலில் நின்று வாங்கும் சோறு. அந்தச் சோற்றோடு சேர்ந்து வந்த சொற்களை அறிய விரும்புவோர் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலைப் படிக்கலாம். அதன் களம் செட்டிநாடு அன்று. புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றின் கதை அது. ஆயினும் வெளுப்புத் தொழிலோடு கட்டப்பட்டிருந்த இழிவை அதைவிட நெருங்கிக் காட்டிய தமிழ் நூல்கள் மிகச் சில. ஆகவே, பழைய முறையில் செலவே இல்லை என்பது சரியன்று. அந்தச் செலவைச் சுமந்தவர் வேறொருவர். அவர் பிள்ளைகள் படித்து அத்தொழிலை விட்டு வெளியேறியது நற்பேறு. மழைக்காலத்தில் நம் வீட்டில் ஈரத்துணி குவிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றால், அக்குவியலைக் குறைசொல்லாமல் ஏற்றுக்கொள்வதே முறை.

இனி எந்திரத்தின் கதைக்கு வருவோம். வெயில் குறைந்த நாடுகளில் பிறந்தது அது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் பொஷோன் என்பவர் துளையிட்ட உருளையில் ஈரத்துணியை இட்டு, நெருப்பின்மேல் கையால் சுழற்றும் கருவியைச் செய்தார். துணி உலர்ந்தது, புகைவாடையும் ஏறியது. 1892இல் அமெரிக்காவின் ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் அடுப்பு வெப்பத்தைப் பயன்படுத்தும் உலர்த்திச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். வடக்கு டகோட்டாவின் கடுங்குளிரில் தாயார் ஈரத்துணியோடு படும் பாட்டைப் பார்த்த ராஸ் மூர் என்பவர் சுழலும் உருளை கொண்ட மின் உலர்த்தியை வடிவமைக்க, 1938இல் ஹாமில்டன் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பனியில் விறைத்த கொடியை விட்டு விலகுவதற்காகப் பிறந்த கருவி, மழையில் நனையும் கொடிக்கு மாற்றாக இப்போது நம்மிடம் வருகிறது. அயல்நாட்டுப் பொருளை வரவேற்பதில் செட்டிநாடு என்றும் தயங்கியதில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் வந்த வழியில் இதுவும் வரட்டும். ஆனால் கணக்குப் பார்த்து வாங்குவதும் அம்மண்ணின் குணம்தானே?

கணக்கு இதுதான். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 யூனிட் அளவு ஆற்றல் வேண்டும். இது இயற்கை விதித்த விலை. பேரம் பேச முடியாது. ஐந்து கிலோ பருத்தித்துணியைக் கையால் பிழிந்தால் அதில் ஏறக்குறைய ஐந்து கிலோ நீர் தங்கும். அதை வெப்பத்தால் மட்டும் போக்க 3.4 யூனிட் ஆகும். அதே துணியைச் சலவை எந்திரம் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் சுழற்றிப் பிழிந்தால் மூன்று கிலோ நீரே மிஞ்சும்; தேவை இரண்டு யூனிட்டாகக் குறையும். சுழற்றிப் பிழிவதற்கு ஆகும் மின்சாரமோ மிகச் சொற்பம். எனவே நல்ல உலர்த்தி வேண்டுமென்றால் முதலில் நன்றாகப் பிழியும் சலவை எந்திரம் வேண்டும். முதலில் பிழிவு, பிறகு காற்று, கடைசியில் வெப்பம் என்பதே சிக்கனத்தின் வரிசை. முறுக்கிப் பிழிந்து காற்றில் விரித்தவர்களின் கைகளுக்கு இது முன்பே தெரியும்.

உலர்த்திகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும். விலை குறைவு, ஆனால் சுவரில் துளையிட வேண்டும். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழஞ்சுவரைத் துளைக்கும்முன் இருமுறை யோசிப்பது நல்லது. இரண்டாம் வகை ஈரத்தைக் குளிர்வித்து நீராக்கித் தொட்டியில் சேர்க்கும்; துளை வேண்டாம், ஆனால் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும். கதவடைத்த சிற்றறையில் அது பெருந்தொல்லை. மூன்றாம் வகை ஹீட் பம்ப் என்பது. 1997இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. ஆவி நீராகும்போது விடும் வெப்பத்தைப் பிடித்து, உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்க மீண்டும் பயன்படுத்தும். அதனால் முதலிரு வகைகள் கேட்கும் மின்சாரத்தில் பாதியளவோ அதற்கும் குறைவோ போதும். குறைந்த வெப்பத்தில் இயங்குவதால் துணிக்கும் கேடு குறைவு. விலை மிகுதி, நேரமும் கூடுதல் என்பவை அதன் குறைகள். ஆண்டில் இரண்டு மூன்று மாதம் மட்டுமே தேவைப்படும் வீட்டில், கூடுதலாகக் கொடுக்கும் விலையை மின்கட்டணச் சேமிப்பு ஈடுகட்டப் பல்லாண்டு ஆகலாம். கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ உள்ள வீட்டில், நாள்தோறும் துணி மாற்ற வேண்டியிருப்பதால், மூன்றாம் வகையே ஏற்றது என்பது நம் கருத்து.

எதை உள்ளே இடக்கூடாது என்பதும் முக்கியம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை, தடித்த நூலில் கைத்தறியில் நெய்த பருத்தி. அதற்கு நிழலும் கொடியுமே தகும். எண்ணெய்க் குளியலுக்குப் பயன்படுத்திய துண்டுகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் முற்றிலும் போகாத துணி உலர்த்தியின் சூட்டில் தானே வெப்பமேறித் தீப்பற்றக்கூடும். பஞ்சுத்தூசு சேரும் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைப்பதும் தீயைத் தவிர்க்கவே.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதே செட்டிநாட்டில் பங்காளிகளிடையே உடன்பாடு எட்டாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல; இடிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த வீடுகளும் பல. அவ்விடங்களில் எழும் புதிய வீடுகளுக்குப் பெரும்பாலும் முற்றமில்லை. காற்றை வெளியே நிறுத்திவிட்டுப் பின்னர் அதை மின்சாரம் கொடுத்து வரவழைக்கிறோம். புதிதாக வீடு கட்டுவோர், எந்த உலர்த்தி என்று கேட்பதற்குமுன், எதிரெதிர்ச் சாளரம் வைத்த ஒரு பின்கட்டுக்கும், மழைச்சாரல் படாத ஒரு கொடிக்கும் இடம் ஒதுக்கினால், ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு எந்திரத்தின் தேவையே இராது. எஞ்சிய மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் குற்றவுணர்வு வேண்டியதில்லை. புலைத்தியின் கைக்கு இல்லாத ஓய்வை ஓர் எந்திரம் நம் வீட்டுப் பெண்களின் கைக்காவது தருமானால் தரட்டும்.