கம்பளியில் விரிந்த மைதானம்

நம் மலைநாட்டில் கம்பளி குளிருக்குக் கவசம். போர் ஓய்ந்த இங்கிலாந்திலோ அது விளையாட்டு மைதானமாயிற்று. 1947ஆம் ஆண்டு பீற்றர் அடொல்ஃப் வெளியிட்ட ‘சபூட்டியோ’ என்னும் மேசை உதைபந்தாட்டப் பெட்டியில் மைதான விரிப்பு இல்லை, சுண்ணக்கட்டியே இருந்தது. சிறுவர்கள் பழைய இராணுவக் கம்பளியில் கோடு வரைந்து, அட்டை வீரர்களை விரலாற் சுண்டி ஆடினர்.

1961இல் வர்ணந் தீட்டிய முழுவுருவ வீரர்கள் வந்தனர். தோற்றம் மெய்யை நெருங்கிற்று, ஆட்டமோ மாறவில்லை. மெய்க்களத்தில் 22 பேரும் ஒருங்கே இயங்குவர். இங்கு ஒருவன் நகர, ஏனையோர் சிலையாய் நிற்பர். களைப்புமில்லை, மூச்சிரைப்புமில்லை. ஆயினும் சுண்டும் விரலின் பதற்றம் மெய். தோற்றவனின் துயரும் மெய். ஆதலால், பிள்ளைகளுக்கு விளையாட்டுப்பொருள் தேர்வோர் அதன் உருவழகைவிட, அது வேண்டிநிற்கும் திறனையே நோக்குவாராக.